முகவரியின் இரண்டாம் வரி

கம்பெனி கைமாறிய பதினேழாம் நாள் காலையில் கம்ப்ளெய்ன்ட் செக்ஷனுக்குள் தண்ணீர் வந்திருந்தது. முதலில் வந்த ஜெசிந்தா செருப்பைக் கழற்றி அலமாரி மேல் வைத்துவிட்டுச் சேலையை ஒரு சாண் தூக்கிச் செருகிக்கொண்டு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அடுத்து வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். எட்டே முக்காலுக்கு ரத்தினம் வந்தபோது மற்ற ஐந்து பேரும் கணுக்கால் நனைய உட்கார்ந்து வேலையை ஆரம்பித்திருந்தார்கள். குழாய் உடைந்திருக்கும் என்று ஒருத்தரும், மேல்மாடியில் தொட்டி வழிந்திருக்கும் என்று இன்னொருத்தரும் சொன்னார்கள். கோயமுத்தூரில் பத்து நாளைக்கு ஒருமுறை வரும் சிறுவாணித் தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து வழியும் என்று ஜெசிந்தா கேட்டாள்.

அது கிணற்று மோட்டார் செய்கிற கம்பெனி. ஆரம்பித்தவர் செத்து நாலு வருஷத்தில் மகன்கள் அதைப் புனேக்காரர்களுக்கு விற்றுவிட்டார்கள். விற்றதில் கட்டடமும் லேத்துகளும் முந்நூற்றுப் பத்து ஆட்களும், பதினோராயிரத்து நானூறு கிணறுகளின் விவரமும் சேர்த்தி. இந்தக் கிணறுகளின் விவரம் இருந்தது ஒரு பழைய கம்ப்யூட்டரில். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. தொண்ணூற்றாறில் திருஞானம் என்கிற பாலிடெக்னிக் வாத்தியார் இரண்டு கோடை விடுமுறையில் எழுதிக் கொடுத்த புரோகிராம். அவர் எழுதும்போது ஒரு பிழை செய்தார். பெயருக்கு முப்பது எழுத்து, ஊருக்கு இருபது எழுத்து, மோட்டார் நம்பருக்குப் பன்னிரண்டு என்று எல்லாவற்றுக்கும் எல்லை வைத்தவர், கடைசியில் இருந்த ‘குறிப்பு’ என்ற கட்டத்துக்கு மட்டும் எல்லை வைக்க மறந்துவிட்டார். அது முடிவில்லாமல் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது.

மோட்டாருக்கு முன்னால் ஆளைக் கேள் என்பது ஆரம்பித்தவர் வைத்த வழக்கம். கேட்டதை எல்லாம் எழுதிவைக்க அந்தக் கட்டம் தோதாக அமைந்துவிட்டது. இருபத்தேழு வருஷத்தில் அதில் என்னென்னவோ சேர்ந்தது. ‘பகல் பன்னிரண்டுக்கு முன் கூப்பிட வேண்டாம், ராத்திரி முழுக்கப் பன்றி விரட்டுகிறார்.’ ‘காது கேட்காது, மருமகள் பேசுவாள், பெயர் ஈஸ்வரி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சந்தோஷப்படுவாள்.’ ‘அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே கிணறு, பேச்சுவார்த்தை இல்லை, மெக்கானிக் வரும் நாளை இரண்டு பேருக்கும் தனித்தனியே சொல்லவும்.’ ‘ராவுத்தர் தோட்டம், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார், அமைந்ததா என்று கேட்கவும்.’ போனை எடுத்தவுடன் நம்பரைத் தட்டிக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் ‘சொல்லுங்’ என்பார்கள். எதிரே பேசுகிறவருக்கு இது தெரியாது. நம்மை மறக்காத ஆட்கள் என்று மட்டும் நினைத்துக்கொள்வார்.

புனேயிலிருந்து வந்த புதிய மென்பொருளில் குறிப்பு என்று ஒன்று இல்லை. ‘வாடிக்கையாளர் மனநிலை’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதைத் தொட்டால் மூன்று சொல் இறங்கும்: மகிழ்ச்சி, சாதாரணம், கோபம். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் பக்கம் மூடாது. பழையதைப் பார்த்துப் புதியதில் ஏற்றிவிட்டுப் பழையதை அழித்துவிட வேண்டும், மார்ச் கடைசிக்குள். ஆறு பேருக்கும் அதுதான் வேலை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தவன் சிங்காரம். முப்பது வருஷமாக ஊர் ஊராகப் போய் மோட்டார் பார்க்கிற மெக்கானிக். கம்பெனி மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. தோட்டத்துக்குப் போனதும் பெட்டியைத் திறக்க மாட்டார்கள். முதலில் அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பார்கள். உப்பா, சுண்ணாம்பா, மணலா, துருவா என்று நாக்கு சொல்லிவிடும். மோட்டாருக்கு என்ன வந்திருக்கும் என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும். அன்றைக்குச் சம்பளச் சீட்டு விஷயமாக உள்ளே வந்த சிங்காரம், வாசலிலேயே குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தான். கண்ணை மூடினான்.

“இது பல்லடத்துத் தண்ணி” என்றான். நாலடி தள்ளிப் போய் இன்னொரு கை. “இது அன்னூர். உப்பு.” ஜெசிந்தாவின் மேசைக்கு அடியில் குனிந்தபோது அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

“ஏனுங்ணா, என்ற கால் கழுவுன தண்ணியுங்.”

“சும்மா இரு புள்ள. இது ராவுத்தர் தோட்டம். நேத்து நீ ராவுத்தரை ஏத்துனயா?”

ஏற்றியிருந்தாள். ராவுத்தர் தோட்டத்தை ஏற்றி, மனநிலை ‘மகிழ்ச்சி’ என்று போட்டு, பழையதை அழித்திருந்தாள். அப்புறம் எல்லாரும் பார்க்கப் பார்க்கவே தெரிந்தது. ஒரு பெயரைப் பழைய திரையிலிருந்து அழித்ததும், அழித்தவரின் காலடியில் தரையிலிருந்து குளிர்ச்சியாக ஒரு குடம் தண்ணீர் ஊறியது. குறிப்பில்லாத பெயர்களுக்கு ஊறவில்லை. நீளமான குறிப்புகளுக்கு ஒன்றரைக் குடம் ஊறியது.

சர்வீஸ் மேனேஜர் மோகனசுந்தரம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தண்ணீர் நின்றால் இறைக்க வேண்டும், இறைப்பதற்குத்தானே நாற்பது வருஷமாக மோட்டார் செய்கிறோம் என்று குடோனிலிருந்து இரண்டு குதிரைச் சக்தி மோட்டாரைக் கொண்டுவரச் சொன்னார். மோட்டார் ஓடியது. அழகாக, சத்தமில்லாமல், கேட்லாக்கில் போட்டிருக்கிறபடியே ஓடியது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. ஐந்து குதிரைச் சக்தி வந்தது. அதற்கும் ஏறவில்லை. தண்ணீருக்குள் கிடந்துகொண்டு வெறும் காற்றை இழுத்தது.

“வெளிய சொல்லிராதீங்க” என்றார் மோகனசுந்தரம். “கம்பெனி மானம் போயிரும்.”

தண்ணீர் வாசற்படியைத் தாண்டவில்லை. கதவைத் திறந்தே வைத்திருந்தாலும் கண்ணாடிப் பெட்டியில் நிற்பதுபோல் வாசலோடு நின்றது. குடத்தில் மொண்டால் மட்டும் போயிற்று. இது தெரிந்த மூன்றாம் நாளே கம்பெனிக்குப் பின்பக்கத்துச் சந்தில் இருக்கிற பெண்கள் பிளாஸ்டிக் குடங்களோடு வந்து நின்றார்கள். வாட்ச்மேன் முதலில் விரட்டினார். பிறகு வரிசை போட்டுவிட்டார். அதற்கும் பிறகு தன் வீட்டுக் குடங்களை வரிசைக்கு முன்னால் வைத்தார். நல்ல தண்ணீர் ஜன்னல் ஓரம், சப்பைத் தண்ணீர் பீரோப் பக்கம் என்று அவர்களுக்கே கணக்குத் தெரிந்துவிட்டது. “அக்கா, கொஞ்சம் காலை நகத்துங், தோட்டத்துத் தண்ணி அங்கதான் ஊறுது” என்று மேசைக்கு அடியில் சொம்பை விட்டு மொண்டார்கள்.

அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு ஒரு மாற்றம் வந்தது. யாரும் அதை வியாதி என்று சொல்லவில்லை. சந்தில் தையல்காரர் ஒருவர் பகல் பன்னிரண்டு அடிக்கிறவரை யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டார். கேட்டால், பாவம் தூங்கட்டும், ராத்திரியெல்லாம் பன்றி விரட்டியிருப்பார்கள் என்றார். அந்தச் சந்தில் பன்றியும் கிடையாது, காடும் கிடையாது.

“எங்க மாமியா நேத்துச் சோத்துல கையை வெச்சுட்டு அழுவறாங்க” என்றாள் ஜெசிந்தா. “என்னங் அத்தைன்னு கேட்டா, ராவுத்தர் மகளுக்கு இன்னும் ஒண்ணும் அமையலையேங்கறாங்க. எந்த ராவுத்தருன்னு அவியளுக்கே தெரியலை.”

“நீ குடிக்கலையா?” என்று ரத்தினம் கேட்டாள்.

“நான் அந்த ஜன்னலோரத்துத் தண்ணிதானுங்க்கா குடிக்கறேன். எனக்கு ஈஸ்வரின்னு கூப்புடோணும்போல இருக்குது. ஆரைப் பார்த்தாலும். நேத்து எங்கூட்டுக்காரரையே கூப்புட்டுட்டேன். அவரு ரெண்டு மணி நேரம் ஆரு அந்த ஈஸ்வரின்னு நோண்டி எடுத்துப்போட்டாரு.”

“அவள்னா பரவால்லையே. விடு.”

“அதைத்தானுங்க்கா நானும் சொன்னேன்.”

ரத்தினம் மட்டும் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. அவளுக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும். பாதிக்குமேல் அவள் எழுதியது.

பிப்ரவரியில் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. கம்ப்யூட்டர்களைப் பலகை அடித்து உயர்த்தினார்கள். ஒயர்களைக் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். பழைய பெட்டியை ஒட்டித் தவளை ஒன்று குடிவந்தது. திருஞானம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து, கம்ப்ளெய்ன்ட் செக்ஷன் ஊழியர்கள் மட்டும் ரப்பர் செருப்பு அணிந்து வரலாம் என்று ஒரு மெயில் வந்தது. அதே மெயிலில் மார்ச் முப்பத்தொன்று என்ற தேதி தடித்த எழுத்தில் இருந்தது.

அந்தத் தேதியை நினைவுபடுத்த அனிகேத் என்கிற பையன் புனேயிலிருந்து நேரில் வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். வாசலில் நின்று தண்ணீரைப் பார்த்தான். ஷூவைக் கழற்றினான், சாக்ஸைக் கழற்றி ஷூவுக்குள் சுருட்டி வைத்தான், பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினான். இறங்கும்போது ‘ஆ’ என்றான், குளிருக்கு. கெட்ட பையன் இல்லை. எல்லாருக்கும் வணக்கம் சொன்னான். மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரு பட்டியலை நிரப்பினான். செலவுத் தலைப்புகள் எல்லாம் அவனிடம் இருந்தன: மென்பொருள் உரிமம், பயிற்சி, பயணம், மின்சாரம். தண்ணீரை எதில் போடுவது என்று மோகனசுந்தரத்திடம் கேட்டான். மோகனசுந்தரம் யோசித்து, அது செலவு இல்லையே, வரவுதானே என்றார். அனிகேத் சிரித்துவிட்டு எதிலும் போடாமல் விட்டுவிட்டான்.

ரத்தினம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மோகனசுந்தரம் அதை அவனுக்கு இங்கிலீஷில் சொன்னார். குறிப்புக்கு ஒரு கட்டம், சின்னதாக, நாற்பது எழுத்துக்கு, கொடுக்க முடியாதா?

அவன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான். ஏப்ரலிலிருந்து எல்லாப் போனும் வேறு ஊரில் ஒரே இடத்துக்குப் போகும். எடுக்கிறவர்களுக்கு முன்னால் கேள்விகள் வரிசையாக இருக்கும். முகவரி சரிபார்ப்பது, கிணற்றின் ஆழம் கேட்பது, தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று கேட்பது. ஆளுக்கு ஆள் மாற்றிப் பேச ஆரம்பித்தால் நாலு நிமிஷத்தில் ஒரு போன் முடியாது. இஷ்டத்துக்கு எழுத இடம் கொடுத்தால் ஜனங்கள் எழுதிவிடுவார்கள். அதுதான் ஆபத்து.

“ஆழம் கேட்டே ஆகோணுமா?” என்றாள் ரத்தினம்.

“அது கட்டாயக் கேள்வியாம், அம்மா. கேட்டு நிரப்பலைன்னா அடுத்த பக்கம் போகாதாம்” என்றார் மோகனசுந்தரம்.

அவள் மனதில் இருந்தது நாலாயிரத்து நானூற்றுப் பதினேழாம் நம்பர். செல்லாத்தாள், சடையன்வலசு, தாராபுரம் வட்டம்.

இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் ரத்தினத்துக்கு முப்பது வயது. ஒரு காலையில் செல்லாத்தாளின் போன் வந்தது. மோட்டார் புகைந்துவிட்டது என்றாள். நிறுத்தாமல் ரெண்டு நாள் ஓட்டினோம் என்றாள். ரத்தினம் எல்லாரிடமும் கேட்பதுபோல்தான் கேட்டாள்: கெணத்துல எத்தனை அடி தண்ணி நிக்குதுங்? தண்ணி இல்லாம ஓட்டிட்டீங்களா? எதிரே பேச்சு இல்லை. ரிசீவரைக் கீழே வைத்த சத்தமும் இல்லை. கோழிகள் கொக்கரிப்பதும், தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிடுவதும், காற்றில் ஓலை உரசுவதும் பத்து நிமிஷம் போனில் கேட்டுக்கொண்டே இருந்தது. ரத்தினம் ‘அம்மா, அம்மா’ என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மறுநாள் போய்விட்டு வந்த சிங்காரம்தான் சொன்னான். அந்த அம்மாவின் மகள் கிணற்றில் கிடந்தாள், பத்தொன்பது வயது. தேடுவதற்காகத்தான் ரெண்டு நாள் மோட்டாரை விடாமல் ஓட்டி இறைத்திருக்கிறார்கள். கடைசி அடித் தண்ணீரில்தான் கிடைத்தாளாம். சிங்காரம் எரிந்த மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றிக் கட்டிப் பூட்டிவிட்டு வந்தான். அந்தத் தண்ணீரை அவன் வாயில் வைக்கவில்லை. அன்றைக்கும் வைக்கவில்லை, அதற்கப்புறம் போன எந்தத் தடவையும் வைக்கவில்லை. மோட்டாருக்கு என்ன என்று நாக்கைக் கேட்காமலே கண்ணால் பார்த்துச் சரிசெய்துவிட்டு வந்தான்.

அன்றைக்கு ரத்தினம் குறிப்பில் எழுதினாள்: ‘மகள் இறந்துவிட்டாள். கிணறு என்று சொல்லாதே. லைன் என்று சொல். ஆழம் கேட்காதே.’

அதற்கப்புறம் இருபத்தொரு வருஷம். வருஷத்துக்கு மூன்று தடவை, நாலு தடவை செல்லாத்தாளின் போன் வரும். யார் எடுத்தாலும் குறிப்பைப் பார்த்துவிட்டு, லைன் என்னங் ஆச்சு என்பார்கள். லைன் வரமாட்டேங்குதுங் என்பாள் அவள். எத்தனையோ பேர் அந்த செக்ஷனுக்கு வந்தார்கள், போனார்கள். ஒருத்தர்கூட, ஒரு தடவைகூட, வாய்தவறிக்கூட அந்தச் சொல்லை அவளிடம் சொன்னதில்லை. மழையைப் பற்றிப் பேசினார்கள். ஆட்டைப் பற்றி, தென்னையில் விழுந்த வெள்ளை ஈயைப் பற்றிப் பேசினார்கள். ரத்தினம் தன் வாழ்க்கையில் செய்ததில் உருப்படியான காரியம் எது என்று யாராவது கேட்டிருந்தால், கல்யாணத்தையும் சொல்லியிருக்க மாட்டாள், கட்டிய வீட்டையும் சொல்லியிருக்க மாட்டாள். அந்த நாலு வரியைத்தான் சொல்லியிருப்பாள். யாரும் கேட்டதில்லை.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி பழைய திரையில் ஒரே ஒரு பெயர் மிச்சம் இருந்தது. தண்ணீர் இடுப்பு வரை நின்றது. ஆறு பேரும் பலகை போட்ட உயர நாற்காலிகளில் கரையில் உட்கார்ந்த நாரைகளைப்போல் இருந்தார்கள்.

“அழிச்சுருங்க்கா” என்றாள் ஜெசிந்தா. “எத்தனை நாளைக்குத்தான் வெச்சுப் பார்த்துட்டே இருப்பீங்க? இன்னொரு குடம் வந்தா வந்துட்டுப் போவுது.”

“அந்தக் குடத்தை ஆராவது மொண்டுட்டுப் போயிருவாங்க புள்ள.”

“போனா என்னங்?”

“அது சந்துக்காரங்க குடிக்கற தண்ணி இல்ல.”

ஜெசிந்தா தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரத்தினம் புதிய மென்பொருளில் கட்டம் கட்டமாகத் தட்டிப் பார்த்தாள். பெயரில் எண்ணை ஏற்றாது. மோட்டார் நம்பரில் எழுத்தை ஏற்றாது. முகவரிக்கு மூன்று வரி இருந்தது. முதல் வரி கதவு எண், மூன்றாம் வரி ஊர். இரண்டாம் வரி, தெரு இருந்தால் எழுதலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். சடையன்வலசில் தெரு கிடையாது. அங்கே தோட்டம்தான், தோட்டத்துக்குத் தோட்டம் வண்டித்தடம்தான். அவள் இரண்டாம் வரியில், ‘கிணறு என்று சொல்லாதே, ஆழம் கேட்காதே’ என்று எழுதினாள். மென்பொருள் ஒரு கணம் யோசித்துப் பச்சை டிக் போட்டது. மனநிலை என்று கேட்டது. சாதாரணம் என்று போட்டாள். பழைய திரைக்குப் போய், கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்துவிட்டு, அழித்தாள்.

காலடியில் குளிரவில்லை. தண்ணீருக்குள் பாதத்தை அசைத்துப் பார்த்தாள். ஒரு சொம்பு அளவுகூட ஊறவில்லை.

“என்னங்க்கா, வரலை?”

“வரலை” என்றாள் ரத்தினம். “எல்லாம் உள்ள போயிருச்சு.” கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. பதினோராயிரத்து நானூறில் ஒன்று சிந்தாமல் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஏப்ரல் முதல் தேதி காலையில் தண்ணீர் இல்லை. போன வழி தெரியவில்லை. தரை காய்ந்து, திருஞானம் பழைய பெட்டிமேல் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. சுவரில் இடுப்பளவுக்கு வெள்ளையும் மஞ்சளும் துருச் சிவப்புமாக உப்புக் கோடுகள், ஊருக்கு ஒரு கோடாக, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. அனிகேத் கேக் அனுப்பியிருந்தான். இணைப்பு வேலை குறித்த தேதிக்குள், நினைத்ததைவிடக் குறைந்த செலவில் முடிந்தது என்று அதன்மேல் ஒட்டியிருந்த அட்டையில் இருந்தது. பெயிண்டர்கள் வந்து கோடுகள் வரைக்கும் புதிய கம்பெனியின் நீல நிறத்தை அடித்தார்கள். சந்துப் பெண்கள் இரண்டு நாள் காலிக் குடத்தோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிங்காரத்தைக் கான்ட்ராக்ட்காரரிடம் மாற்றினார்கள். அங்கே அவனுக்கு ஒரு மீட்டர் கொடுத்தார்கள், தண்ணீரில் வைத்தால் உப்பை எண்ணில் காட்டும். நாலு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ரத்தினத்தையும் ஜெசிந்தாவையும் மட்டும் இரண்டு மாதத்துக்கு இருக்கச் சொன்னார்கள்.

இரண்டு பேருக்கும் காதில் மாட்டுகிற போன் கொடுத்தார்கள். வேறு ஊரில் பெண்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். கேள்விகளை வரிசையாகக் கேட்டார்களா, மரியாதையாகப் பேசினார்களா என்று மதிப்பெண் போட வேண்டும். கேட்கலாம், பேச முடியாது. வாய்க்கு நேரே வரும் குழலைத் திருகி எடுத்திருந்தார்கள். அது இருந்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது.

நாள் முழுக்கக் கேட்டார்கள். ஈஸ்வரியை அந்தப் பெண்கள் அம்மா என்று கூப்பிட்டார்கள். ராவுத்தர் தானாக மகளைப் பற்றி ஆரம்பித்தபோது, உங்கள் நேரத்துக்கு நன்றி என்றார்கள். அண்ணனிடம் சொன்ன தேதியைத் தம்பிக்குச் சொல்லவில்லை. ரத்தினம் மதிப்பெண் போட்டாள். எல்லாரும் முழு மதிப்பெண் வாங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்: இரண்டாம் வரி இருக்கிறது.

சித்திரை பிறந்து எட்டாம் நாள் பதினோரு மணிக்கு அந்தப் போன் வந்தது.

“வணக்கம், நான் ஹரிணி பேசுகிறேன். நான் உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?”

“செல்லாத்தா பேசறனுங் அம்மணி. லைன் வரமாட்டேங்குதுங். நாலு நாளாச்சுங்.”

ரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதிரே திரையில் அந்தப் பெண் பார்க்கிற பக்கமே இவளுக்கும் விரிந்தது. இரண்டாம் வரி இருந்தது. சிந்தாமல், எழுத்துக் குறையாமல் இருந்தது. படி, படித்துக்கொள் கண்ணு என்று ரத்தினம் சொன்னாள்.

“உங்கள் முகவரியைச் சரிபார்த்துக்கொள்கிறேன் அம்மா” என்றாள் ஹரிணி. நல்ல குரல், தெளிவான உச்சரிப்பு. “செல்லாத்தாள். கதவு எண் இரண்டு பை நூற்றுப் பதினான்கு. கிணறு என்று சொல்லாதே, ஆழம் கேட்காதே. சடையன்வலசு, தாராபுரம் வட்டம். சரியா அம்மா?”

கோழிகள் கொக்கரித்தன. ஓலை உரசியது. அதே கோழிகள்போல, அதே ஓலைபோல இருந்தது. ரத்தினம் திரையைப் பார்த்து ‘அம்மா’ என்றாள், குழல் இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ‘அம்மா, அம்மா’ என்றாள். பக்கத்து நாற்காலியில் ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள்.

“லைனில் இருக்கிறீர்களா அம்மா?”

“இருக்கறனுங்.”

“முகவரி சரியா அம்மா?”

“சரிதானுங்” என்றாள் செல்லாத்தாள். “அதுதானுங் என்ற அட்ரஸ்.”

“நன்றி அம்மா. கிணற்றின் ஆழம் எவ்வளவு?”

“தொண்ணூத்தி ரெண்டு அடிங்.”

“எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது?”

“அன்னிக்கு அறுவதுங். இன்னிக்கு இருவது இருக்கும்.”

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. இருபது என்று திரையில் விழுந்தது. “நன்றி அம்மா. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் மெக்கானிக் வருவார். வேறு ஏதாவது உதவி தேவையா?”

“ஏனுங் அம்மணி. அதை ஆருங் எழுதுனது?”

“எதை அம்மா?”

“இப்பப் படிச்சீங்கல்ல. அட்ரஸ்ல இருக்கறது.”

“உங்கள் பதிவில் அப்படித்தான் இருக்கிறது அம்மா.”

“செரி, எழுதுனது எழுதுனாங்க. புள்ள பேரையும் ஒட்டுக்கா எழுதியிருக்கலாமில்லீங். எத்தனை வருசமாப் பேசறாங்க, மழையைக் கேக்கறாங்க, ஆட்டைக் கேக்கறாங்க, ஒருத்தராச்சும் அவ பேரைக் கேப்பாங்கன்னு நானும் பார்க்கறேன். வளர்மதிங். வளர்மதின்னு எழுதிக்குங் கண்ணு.”

திரையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நாலு நிமிஷத்துக்கு இன்னும் பதினோரு நொடி இருந்தது.

“மன்னிக்கவும் அம்மா” என்றாள் ஹரிணி. “இதில் அதற்கு இடம் இல்லை.”

“இல்லையா? செரி, போச்சாதுங். லைனை மட்டும் வந்து பார்த்து உடச் சொல்லுங்.”

போன் நின்றது. ரத்தினத்தின் திரையில் மதிப்பெண் பக்கம் விரிந்தது. முகவரி சரிபார்க்கப்பட்டதா: ஆம். கட்டாயக் கேள்விகள் கேட்கப்பட்டனவா: ஆம். மரியாதை: ஆம். கடைசியில் வாடிக்கையாளர் மனநிலை என்று இருந்தது. அதைத் தொட்டதும் மூன்று சொல் இறங்கி நின்றது. அவள் மூன்றையும் மேலிருந்து கீழே படித்தாள், கீழிருந்து மேலே படித்தாள். முகவரியைத் திறக்கப் பார்த்தாள். மாற்ற உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது.

அப்போது காலடியில் குளிர்ந்தது. நீலச் சுவருக்குக் கீழே, காய்ந்த தரையில், அவள் நாற்காலியைச் சுற்றி மட்டும் தண்ணீர் ஊறி, ஒரு குடம் அளவுக்கு வந்து, நின்றது. கலங்கல் இல்லை. அடியில் தரையின் வெடிப்பு தெரிந்தது.

ஜெசிந்தா காதுப் போனைக் கழற்றினாள். ரத்தினம் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் மண்டியிட்டு, சிங்காரம் இருபத்தொரு வருஷமாக வாயில் வைக்காத தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். மறுபடியும் அள்ளினாள். முழங்கையெல்லாம் வழிந்தது.

“எந்த ஊர்த் தண்ணிங்க்கா?” என்றாள் ஜெசிந்தா.

“வளர்மதி” என்றாள் ரத்தினம்.